சங்கம் என்பது யாது?

ஆவடியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இரயில் அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் கடந்து பெரம்பூரை அடைகிறது. ஆலைகளை நம்பி வாழும் நம் பகுதி மக்கள் மறக்கலாகாத வரலாறு ஒன்று அங்கே பிறந்தது.

'குடிமைச் சமூக அமைப்பு' என்னும் சொல் இன்று எங்கும் வழங்குகிறது. அதன் பொருள் யாது? ஜெர்மானிய மெய்யியலார் ஹெகல், 1821-இல் வெளியான தம் நூலில், குடும்பத்துக்கும் அரசுக்கும் இடைப்பட்ட வாழ்வைக் குடிமைச் சமூகம் என்றார். சந்தையையும் அதனுள் அடக்கினார். பின்வந்தோர் பலர் சந்தையை விலக்கினர். அரசின் ஏவலின்றி, இலாபம் கருதாது, மக்கள் தாமே முன்வந்து அமைக்கும் கூட்டமைப்புகளையே அப்பெயரால் அழைத்தனர். இந்த வரையறை போதுமா?

பெரம்பூர்ப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள், செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் வணிகர் இருவரின் ஆதரவில் நடந்த சமயச் சபையில் சொற்பொழிவு கேட்கக் கூடினர். இறைவனைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் தம் துயரங்களையும் பேசலாயினர். அதன் பயனாக, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உதித்தது. பி.பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள்கொடுத்தார்.

1920-இல் ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. வாடியா முதலியோருக்கு எதிராக உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளர் சங்கங்களுக்கு அன்று சட்டப் பாதுகாப்பு இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்று வகுத்த தொழிற்சங்கச் சட்டம் 1926-இல்தான் வந்தது. ஆகவே, பெரம்பூர்ச் சங்கம் சட்டத்திற்கு எட்டு ஆண்டு மூத்தது. சட்டம் சங்கத்தைப் படைக்கவில்லை, இருந்ததை ஏற்றுக்கொண்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' மடலில் உரைத்ததும் இதுவே: கூடி அமைப்பது மனிதனின் இயற்கை உரிமை, அரசு அதைக் காக்கவேண்டுமேயன்றி அழித்தலாகாது.

ஆயினும், இவ்வரலாற்றில் ஆறாத தழும்பு ஒன்றுண்டு. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குத் திரும்பினர். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அரசுக்கும் முதலாளிக்கும் அஞ்சாத ஒற்றுமை, சாதியின் முன் உடைந்துபோயிற்று. திரும்பியோரைக் குறைகூறுவது எளிது. சங்கம் அவர்களுக்குத் தம் வீடாகத் தோன்றியிருந்ததா என்று கேட்பதே கடினம், அதுவே நேர்மையுமாகும்.

எனவே, அறிஞர் தரும் வரையறையுடன் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. ஓர் அமைப்பை யார் கூடினார்கள் என்பதைக்கொண்டு மட்டுமன்று, யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைக்கொண்டும் அளக்கவேண்டும். இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளரும் வடமாநிலத்தவரும் வியர்வை சிந்துகின்றனர். அவர்களுள் எத்தனை பேருக்குச் சங்கம் உண்டு? நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, இளைஞர் இயக்கம் உண்டு, அன்பியங்கள் உண்டு. அவற்றின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். நம் தெருவில் வாழ்ந்தும் அதில் இடம்பெறாத பெயர்கள் யாருடையவை?