‘உலகளாவிய’ என்னும் அடைச்சொல்: பொருள் வரலாறும் தமிழாக்கச் சிக்கல்களும்

ஆங்கிலத்தில் ‘குளோபல்’ என்னும் பெயரடை வரும் இடங்களில் தமிழில் உலக, உலகளாவிய, சர்வதேச, பன்னாட்டு, அனைத்துலக, புவி ஆகிய சொற்கள் ஆளப்படுகின்றன. ‘இன்டர்நேஷனல்’ என்னும் சொல்லுக்கும் இவற்றுள் பலவே வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கருதி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதும் போக்கு மொழிபெயர்ப்புகளில் மிகுதி. ஆயினும் இச்சொற்கள் ஒரே பொருளைத் தருவன அல்ல. எந்தச் சொல்லைத் தேர்கிறோமோ அதற்கேற்பச் செயலைச் செய்பவர் யார், அச்செயலுக்கு உள்ளாகுபவர் யார் என்னும் கருத்தும் மாறுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலச் சொல்லின் வளர்ச்சி

‘குளோப்’ என்பதன் வேர் உருண்டையைக் குறிக்கும் ‘குளோபஸ்’ என்னும் இலத்தீன் சொல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘குளோபல்’ என்பது உருண்டை வடிவான என்றே பொருள்பட்டது. உலகம் முழுவதற்குமான என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றியது. பிரெஞ்சு மொழியில் இதே வடிவச் சொல் ‘மொத்த, முழுமையான’ என்னும் பொருளில் வழங்கியதும் இம்மாற்றத்திற்குத் துணைசெய்தது. ஆகவே இச்சொல்லுக்குள் உலகம், முழுமை என இரு பொருள்கள் உறைகின்றன. கணினி நிரலில் ‘குளோபல் வேரியபிள்’ என்பதற்கும் பூமிக்கும் தொடர்பில்லை; ஒரு நிரலின் எல்லாப் பகுதிகளிலும் செல்லுபடியாகும் மாறி என்பதே பொருள். அதனை ‘உலகளாவிய மாறி’ எனப் பெயர்ப்பது பிழை. ‘முழுதளாவிய மாறி’ என்பதே பொருந்தும்.

இச்சொல்லைப் பொதுவழக்கிற்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப்போர். 1942 பிப்ரவரி 23 அன்று ஆற்றிய வானொலி உரைக்கு உலகப்படத்தை முன்னே விரித்துவைத்துக்கொள்ளுமாறு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மக்களைக் கேட்டுக்கொண்டார். போர் நிலப்பரப்பு முழுவதையும் தழுவியது என்பதை மக்கள் கண்ணால் காண வேண்டியிருந்தது. 1962இல் வெளிவந்த நூலில் மார்ஷல் மெக்லூகன் ‘உலகச் சிற்றூர்’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். எனினும் இன்றைய வணிகப் பொருளை உறுதிசெய்ததில் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் தியோடர் லெவிட் எழுதிய கட்டுரைக்கே முதன்மையான பங்குண்டு என்பது என் கருத்து. பன்னாட்டு நிறுவனம் ஒவ்வொரு நாட்டிற்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. உலகளாவிய நிறுவனமோ ஒரே பொருளை ஒரே முறையில் எங்கும் விற்கிறது என அவர் வேறுபடுத்தினார். இவ்விரு அடைகளையும் மாற்றி எழுதினால் அக்கட்டுரையின் வாதமே எஞ்சாது.

தமிழில் உலகம்

தமிழில் ‘உலகம்’ என்பது எப்போதும் முழு நிலவுருண்டையைச் சுட்டியதில்லை. தொல்காப்பிய அகத்திணையியல் காடு, மலை, வயல், கடற்கரை ஆகிய ஒவ்வொரு நிலத்தையும் தனித்தனி உலகமாகவே கூறுகிறது. அந்நூலின் பாயிரம் தமிழ் வழங்கும் எல்லைக்குட்பட்ட பகுதியை உலகம் என்கிறது. உரையாசிரியர்கள் சில இடங்களில் இச்சொல்லுக்கு உயர்ந்தோர் எனப் பொருள் கொள்வர். எல்லை சுருங்கவும் விரியவும் இடம்தரும் இந்நெகிழ்ச்சியால்தான் ‘உலக’ என்னும் அடை இன்று எதனோடும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

‘உலகளாவிய’ என்பதன் அமைப்பு வேறு. ‘வானளாவிய’ என்பதைப் போல இது உலகை அளாவிய என விரியும். அளாவுதல் எட்டுதல், பரவுதல் ஆகிய பொருள்களைத் தரும் வினை. ஆங்கிலத்தில் பெயரடை ஒரு தன்மையை மட்டும் குறிக்க, தமிழில் பெயரெச்சம் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கிறது. வானளாவிய கோபுரத்திற்கு அடித்தளம் ஓரிடத்தில் இருப்பதைப் போல, உலகளாவிய ஒன்றும் எங்கிருந்தோ புறப்பட்டுப் பரவியதாகவே இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல் மறைத்துவிடும் இப்புறப்பாட்டைத் தமிழ்ச் சொல் தன் அமைப்பிலேயே காட்டிக்கொடுக்கிறது.

‘குளோபலைசேஷன்’ என்பதன் தமிழாக்கத்தில் இது மேலும் தெளிவாகும். 1991 ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் அளித்த வரவுசெலவுத் திட்டத்திற்குப் பின் இக்கருத்து தமிழ்ப் பொதுவெளியில் பரவலானபோது, ‘உலகமயமாதல்’, ‘உலகமயமாக்கல்’ என இரு வடிவங்கள் வழக்கில் வந்தன. முன்னது தன்வினை, மழை பொழிவதைப் போலத் தானே நிகழ்வது. பின்னது பிறவினை, ஆக்குபவர் ஒருவர் உண்டு. ஆங்கிலம் இத்தேர்வை எழுத்தாளரிடம் கோருவதில்லை. தமிழிலோ பொருளாதாரக் கட்டுரையாளர் தலைப்பிடும்போதே ஒரு நிலைப்பாட்டை எடுத்துவிடுகிறார், அதனை அவர் உணர்ந்தாலும் உணராவிட்டாலும். ‘குளோபல் வார்மிங்’ என்பதைப் ‘புவி வெப்பமாதல்’ எனப் பெயர்த்ததில் ‘புவி’ என்னும் தேர்வு மிகப் பொருத்தமானது. வெப்பமடைவது மக்கள் கூட்டமன்று, கோள். ஆனால் ‘ஆதல்’ என்பது மனிதரின் பங்கை மறைத்துவிடுகிறது.

இடை என்னும் விடுபாடு

‘இன்டர்நேஷனல்’ என்பதை 1789இல் வெளிவந்த தம் நூலில் ஜெரமி பெந்தாம் புனைந்தார். நாடுகளுக்கு இடையிலான சட்டத்தைச் சுட்டவே அவருக்கு இச்சொல் தேவைப்பட்டது. சர்வதேச, பன்னாட்டு, அனைத்துலக ஆகிய மூன்றிலும் அந்த ‘இடை’ இல்லை. முதலாவது எல்லா நாடுகளையும், அடுத்தது பல நாடுகளையும், இறுதியது உலகம் முழுவதையும் குறிக்கின்றன. 1964இல் புதுதில்லியில் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி அமைப்பின் ஆங்கிலப் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ உள்ளது. அது 1966இல் கோலாலம்பூரில் நடத்திய முதல் மாநாட்டின் ஆங்கிலப் பெயரிலும் அச்சொல்லே உண்டு. தமிழில் அதனை ‘உலகத் தமிழ் மாநாடு’ என்கிறோம். ஆங்கிலப் பெயர் பல நாட்டு ஆய்வாளர்களின் சந்திப்பை உணர்த்த, தமிழ்ப் பெயர் நாட்டெல்லைகளைக் கடந்த ஒரே தமிழுலகை உணர்த்துகிறது. இதனை மொழிபெயர்ப்புப் பிழை எனக் கொள்வதைவிட வேறொரு விருப்பத்தின் வெளிப்பாடாகக் கொள்வதே தகும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழில் ‘அனைத்துலக’ வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டில் ‘பன்னாட்டு’ம் ‘சர்வதேச’வும் கலந்து வருகின்றன. இலங்கைத் தமிழில் ‘சர்வதேச’ என்பதே பெருவழக்கு. அங்கு அது அடை என்னும் நிலையைக் கடந்துவிட்டது. 2009இல் போர் முடிந்ததற்குப் பிந்தைய அரசியல் எழுத்தில் ‘சர்வதேசம்’ என்பது எழுவாயாக நின்று வினைகொள்கிறது: சர்வதேசம் பார்க்கிறது, சர்வதேசம் தலையிட வேண்டும், சர்வதேசம் கைவிட்டது. நீதி கோரி நிற்கும் மக்கள் முறையிடுவதற்கு முகமுள்ள ஒருவர் தேவைப்படுவதால், இலக்கணம் அந்த ஒருவரைப் படைத்துத் தந்தது எனலாம். ஆனால் 2012 மார்ச் 22 அன்று ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை இலங்கை குறித்த தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டபோது, அங்கு வாக்களித்தவை 47 உறுப்பு நாடுகள். 24 நாடுகள் ஆதரித்தன, 15 எதிர்த்தன, 8 எப்பக்கமும் சேராமல் ஒதுங்கின.