செம்புத் தகட்டில் ஆட்டம்

ஆடுகிறவரைப் படமாக்கினால் ஆட்டம் செத்துவிடும் என்பது நாட்டிய ரசிகர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் குறை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் கரணங்கள் எனப்படும் நாட்டிய அலகுகளில் 81 கல்லில் நிற்கின்றன; மீதி 27-க்கு ஒதுக்கிய கற்களில் உளி படவே இல்லை. கரணங்களை வெறும் நிலைகளாகவே பலரும் எண்ணியிருந்தபோது, ஒவ்வொரு கரணமும் ஓர் அசைவு, சிற்பி காட்டுவது அதில் ஒரு கணத்தைத்தான் என்று நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆய்வில் வாதிட்டார், ஆடியும் காட்டினார். கல்லிலிருந்தே அசைவை மீட்க முடியுமென்றால், எந்தக் கணத்தைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்பதுதான் மிஞ்சும் கேள்வி. அதற்கு வெறும் புகைப்படத்தைவிட, அதைச் செம்புத் தகட்டில் அரித்து மையால் அச்செடுக்கும் ஒளிச்செதுக்கு நல்ல விடை தருகிறது என்பது என் கட்சி.

ஆட்டமும் படமும் அருகருகே வாழும் கேரளத்துத் திருப்பூணித்துறையை வைத்து இதைப் பேசலாம். பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிகோற்சவத்தில் இரவு முழுக்கக் கதகளி நடக்கும் ஊர் அது. 1936-இல் தொடங்கிய ஆர்.எல்.வி. கல்லூரியில் கதகளியையும் ஓவியத்தையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கிறார்கள். பக்கத்து மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களை 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்கிறார்கள். கதகளியின் முன்னோடியான ராமனாட்டமோ 17-ஆம் நூற்றாண்டுக்குரியது. ஆகவே அந்தச் சுவரின் மகுடங்களையும் விரிந்த விழிகளையும் கதகளியின் நகல் என்று சொல்ல முடியாது. கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் இரண்டுக்கும் மூத்தது என்பதால் கடன்பட்டது யார் என்று தீர்ப்பெழுதவும் முடியாது. அரங்கும் சுவரும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி ஒளிச்செதுக்கின் வேலைமுறை. ஜெலட்டினில் பொட்டாசியம் டைக்ரோமேட் கலந்தால் வெளிச்சம் பட்ட இடம் இறுகும் என்பதை வைத்து, ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1852-இல் உலோகத் தகட்டில் படம் பதிக்கும் உரிமம் பெற்றார். கார்ல் கிளிச் 1879-வாக்கில் தகட்டில் பிசின் பொடி தூவி, சாம்பல் நிறச் சாயல்களையும் வசப்படுத்தினார். ஜெலட்டின் இளகிய இடத்தில் ஃபெரிக் குளோரைடு ஆழமாக அரிக்கும். பள்ளம் ஆழமானால் மை கூடும், கறுப்பு அடரும். அசைவால் கலங்கிய கை மங்கலான கறையாகப் போய்விடாமல், தடவிப் பார்க்கத்தக்க மேடுபள்ளமாகிறது. கலைஞர் அந்தப் பள்ளத்தைத் தேய்த்து இளக்கலாம், மறுபடி அரிக்கலாம், தகட்டைச் சற்று நகர்த்தி இரண்டாம் முறை அச்சிடலாம்.

அப்படிக் கைவைத்த பிறகு அது எப்படிச் சாட்சியாகும் என்று கேட்பார்கள். புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட 781 தாள்களை அசைவின் அறிவியல் சான்று என்று உலகம் கொண்டாடியது. அவையும் ஜெலட்டின் தகட்டிலிருந்து மையால் அச்சானவைதாம். போதாக்குறைக்கு, சில வரிசைகளில் விடுபட்ட படத்துக்கு வேறொன்றைச் செருகி அவர் ஒழுங்கு செய்திருந்தது பின்னால் தெரியவந்தது. கைபடாத சான்று என்று ஒன்று தொடக்கத்திலேயே இல்லை.

இன்றைய கேமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறதே என்பது அடுத்த வாதம். பிடிக்கட்டும், கதகளிக்கு அந்த வேகம் எதற்கு? திரைநோக்கில் வேஷக்காரர் திரைச்சீலையைப் பற்றி நிற்க, கண்ணும் கன்னமும் மட்டுமே ஆடுகின்றன. ஒரு நொடி திறந்திருக்கும் லென்ஸில் கிரீடம் கூர்மையாக விழும், விழி கலங்கும். அந்தக் கலக்கத்தை எவ்வளவு ஆழம் அரிக்கவிடுவது என்பதைத் தகட்டுக்காரர் முடிவு செய்கிறார்.