இடைக்காலக் கடவை: நிகழ்நேர ஒலி நூலகப் பராமரிப்பில் பழைய பதிப்பின் இடம்

திறந்த மூல நூலகத்தைப் பராமரிப்பதென்றால் வழு திருத்துவது என்றே கணினித் துறைகளில் பெரிதும் கொள்ளப்படுகிறது. நிகழ்நேரத் தொடர்பு நூலகங்களுக்கு இது போதாது. பழைய பதிப்பை நம்பியிருப்போர் புதியதற்கு வந்துசேரும்வரை வழியை அடைக்காதிருப்பதே பராமரிப்பாளரின் முதற் பொறுப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

குளோபல் ஐபி சொலூஷன்ஸ் நிறுவனத்தை 2010இல் வாங்கிய கூகுள், உலாவியில் குரல், காணொளி உரையாடலுக்கான வெப்ஆர்டிசி நிரலை மறு ஆண்டே திறந்துவிட்டது. அதன் ஒலிச் செம்மையாக்கப் பகுதி மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, 'வெப்ஆர்டிசி-ஆடியோ-பிராசஸிங்' என்ற நூலகமாக லினக்சுக்கு வந்தது. லினக்சின் ஒலிச் சேவையகமான பல்ஸ்ஆடியோ திட்டத்தின் கீழ் அதைப் பேணிவருபவர்களுள் முக்கியமானவர் இந்தியரான அருண் ராகவன். எதிர்முனைக் குரல் நம் ஒலிபெருக்கியில் ஒலித்து, ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகுந்துவிடும். அந்த எதிரொலியை 10 மில்லிசெக்கன் துண்டுகளாக மதிப்பிட்டுக் கழிப்பது நூலகத்தின் தலையாய வேலை. கழித்தல் பிசகினால் எதிர்முனையில் பேசுபவர் தன் குரலையே கேட்டுத் தடுமாறுவார்.

மூலநிரலோ கூகுளின் குரோம் உலாவியின் வேகத்தில் ஓடுகிறது. 2021இல் குரோம் நான்கு வாரத்துக்கொரு பதிப்பு என்ற முறைக்கு மாறியது. இடைமுகம் மாறினால் குரோமுக்குச் சிக்கலில்லை, அழைக்கும் நிரலும் அதன் வசமே. நூலகத்தைப் பயன்படுத்தும் பல்ஸ்ஆடியோ, பைப்வயர், ஜிஸ்ட்ரீமர் ஆகிய ஊடக மென்பொருள்களின் நிலை வேறு. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் தத்தம் வசதிப்படி மாற்ற வேண்டும். ஆகவேதான் 1.0 வந்தபோது நூலகப் பெயரிலேயே '-1' ஒட்டப்பட்டது, 2.0க்கு '-2'. இரண்டும் ஒரே கணினியில் மோதாமல் இருக்கலாம். ஆய்விதழ் எதுவும் பொருட்படுத்தாத இந்த ஒட்டுத்தான் என் கணிப்பில் அந்த வெளியீட்டின் சிறந்த வடிவமைப்பு முடிவு.

இடைக்கால வழியைக் கவனியாது விடுவதன் விலை மென்பொருளுக்கு வெளியேயும் தெரிந்ததுதான். 2021 நவம்பர் 23 அன்று இலங்கையின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் மக்களை ஏற்றிச்சென்ற படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அத்துயரை மென்பொருளோடு நிறுக்க முடியாது. திட்டமிடல் பற்றிய கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது: புதியதைக் கட்டும் செலவில் இடைக்காலக் கடவையின் செலவும் சேர்கிறதா?

பழையதை விட்டுவைத்தால் யாரும் நகரமாட்டார்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் போய்ச்சேரா என்பர். நியாயமான மறுப்பு. 2023 செப்டெம்பரில் லிப்விபிஎக்ஸ் காணொளிக் குறிமுறை நூலகத்தில் தாக்குதலுக்கு உள்ளான குறை வெளிப்பட்டபோது, அதன் பிரதியைத் தன்னுள் சுமந்த ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே திருத்தம் பெறவேண்டியிருந்தது. எனவே பழைய பதிப்புக்கு முடிவுநாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். அதுவரை அதற்குத் திருத்தம் தர ஆளும் வேண்டும்.

அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இலங்கைப் பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒரு வாய்ப்பு. புதுச் செயலி ஒன்றைக் கட்டுவதற்குப் பதிலாக, '-1'ஐ நம்பியிருக்கும் ஒரு மென்பொருளை '-2'க்கு நகர்த்தி, தகரக் கூரையில் மழை அடிக்கும் அறையில் எதிரொலி எவ்வளவு கழிகிறதென்று அளந்து காட்டும் மாணவருக்கு அதே புள்ளிகளை வழங்கலாம்.