ஒப்பந்தச் சீட்டும் வேதப் புஸ்தகமும்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், அக்காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் என்றும் இக்காலத்தில் செபராங் பிறை என்றும் வழங்கும் நிலப்பகுதியின் தென்கோடியில், நிபோங் திபாலை அடுத்திருக்கும் பைராம் தோட்டம், இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் ராம்ஸ்டன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மாளிகையின் பெயரைத் தாங்கியது. பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்த எட்வர்டு ஹார்ஸ்மனும் அவருடைய மைத்துனர் சர் ஜான் ராம்ஸ்டனும் முதலிட்டு நடத்திய கரும்புத் தோட்டங்களுள் இதுவும் ஒன்று. கலிடோனியா, விக்டோரியா முதலியவை இதன் உடன்பிறப்புகள். கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பரும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் அந்த மண்ணைத் திருத்தியவர்களுள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் ஏராளம்.

அவர்கள் எவ்விதம் கப்பலேறினார்கள் என்பதைத் தஞ்சாவூர் உதவிக் கலெக்டர் ஹாத்தவே 1870-இல் எழுதி வைத்தார்: ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆட்களைப் பிடித்துப் பினாங்குக்கு அனுப்புவது அங்கே ஒரு தொழிலாகவே நடந்துவந்தது. கப்பற் கூலியைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிய மனிதன், ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டுப் போட்ட கணம் முதல், தவணை முடியும்வரை தோட்டத்துக்கே உரியவனானான். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு வராவிட்டால், அல்லது குடியிருந்த லயத்தைவிட்டு ஓடிவிட்டால், அது கடன்காரனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் இடையிலுள்ள வழக்காகக் கருதப்படவில்லை. சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே கருதப்பட்டது. மேலே வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி, அவருக்கும் கீழே வேலை வாங்கும் தண்டல் என்று அடுக்கிய அந்த வரிசையில், நிறமே பதவியை நிர்ணயித்தது. கூலிக்காரன் எவ்வளவு உழைத்தாலும் துரையாக முடியாது என்பது எந்தச் சாஸனத்திலும் எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தேவன் மனிதனைத் தமது சாயலாகப் படைத்தார் என்று போதிக்கும் வேதத்தைக் கையில் ஏந்திய ஒரு ஜாதி, இவ்வேற்பாட்டை எப்படிச் சகித்தது? கருணை காட்டியவர்களும் இருந்தார்கள்: பினாங்கில் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் தமிழரிடையே ஊழியம் செய்துவந்தார்கள். அவர்களுள் ரெனே ஃபே சுவாமியார், 1880களில், பைராமுக்குத் தெற்கே கிரியான் சமவெளியிலுள்ள பாகான் செராயில், தமிழ்க் கத்தோலிக்கர் தமக்கென்று நிலம் பெற்று நெல் விளைவித்து வாழ்வதற்கு அர்ச். சூசையப்பர் குடியேற்றத்தை ஏற்படுத்தினார். பின்னர் 1896-இல் மலாக்காவின் மேற்றிராணியாருமானார். துரைக்குக் கைகட்டி நில்லாமல் தன் வயலில் தானே ஏர் பிடிக்கும் தமிழன் அந்நாளில் எவ்வளவு அபூர்வம் என்பதை எண்ணும்போது, அக்குருவை நான் வணங்குகிறேன். ஆயினும் சிலரைக் கரையேற்றும் கருணை வேறு, ஆற்றின் போக்கையே மாற்றும் நீதி வேறு. ஒப்பந்தச் சட்டம் அப்படியே நின்றது. 1910-இல் மலாயாவில் அது ஒழிந்தபோதும், மனச்சாட்சி விழித்ததைவிட, ரப்பர் முதலாளிகளுக்கு, சொந்த ஊரிலிருந்து ஆள் திரட்டிவரும் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதே அதிக வசதியாகிவிட்டது என்பதே பெரிய காரணம். அந்தக் கங்காணி முறைக்கும் இந்திய சர்க்கார் 1938-இல்தான் தடை விதித்தது.

சட்டத்தையே எதிர்த்து நின்ற கிறிஸ்தவரைக் காண நாம் கடல் கடந்து நேட்டாலுக்குப் போகவேண்டும். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆங்கிலப் பாதிரி சி. எஃப். ஆண்ட்ரூஸ், காந்தி எங்கே என்று தேடினார். அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இந்தியத் தொழிலாளருக்காகத் துக்கம் பூண்டு, தலையை மழித்து, ஒப்பந்தக் கூலியின் உடையில் நின்றிருந்த மெலிந்த உருவத்தைச் சிலர் சுட்டிக்காட்டவே, அவர் குனிந்து அந்தப் பாதங்களைத் தொட்டார். ஒரு வெள்ளையர் கறுத்த மனிதனின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த ஐரோப்பியர் கொதித்தார்கள். ஆண்ட்ரூஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. மறு வருஷமே பியர்சன் என்ற நண்பருடன் ஃபிஜித் தீவுக்குச் சென்று, லயம் லயமாகப் புகுந்து கூலிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி, அவற்றை அறிக்கையாக்கி இந்திய மக்களின் முன் வைத்தார். 1917-இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 பிறக்கையில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

இதைப் படித்து மகிழும் தமிழ்க் கிறிஸ்தவர் தம் வீட்டையும் ஒருமுறை நோக்கவேண்டும். வெள்ளைக்காரன் வகுத்த பேதம் பாவமென்றால், நாம் வகுத்த பேதம் என்ன? 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாதென்று தென்னாட்டு மிஷன்களுக்குக் கட்டளை எழுதியபோது எழுந்த எதிர்ப்பு சாமான்யமானதன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், கால்சட்டை விரித்தாற்போல் இரண்டு நீண்ட மண்டபங்களாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் ஒன்றுகூடியது. ஒரு புறம் வேளாளர் முதலிய மேல்ஜாதியார், மறுபுறம் மற்றவர். ஒரே பூசையில் கலந்துகொண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணமுடியாது. பீடத்தில் நின்ற குருவுக்கு மட்டுமே இரு பக்கமும் தெரிந்தது. மலாயாவில் ஒப்பந்த முறை ஒழிந்த அதே 1910-இல்தான் வடக்கன்குளத்தில் அம்மண்டபங்களுக்கிடையிலிருந்த பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தவர்மீது வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; சென்னை உயர்நீதிமன்றம், 1916-இல், தேவாலயத்துக்குள் ஜாதியால் தனியிடம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லையென்று தீர்ப்பளித்தது.