மரத்துப்போன கால்

"பாட்டி கிணற்றடியில் விழுந்துவிட்டாள்." ஒரு காலத்தில் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் இந்த ஒரு வாக்கியம் போதும், உறவினர் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் படுக்கை. படுத்தால் முதுகில் புண், மார்பில் சளி. ஆபரேஷன் செய்யலாமே என்றால், "இந்த இருதயம் மயக்க மருந்தைத் தாங்காது" என்று டாக்டர் கையை விரிப்பார்.

ஆளை மயக்காமல் காலை மட்டும் மரக்கச் செய்ய முடியாதா? 1884-இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கண்ணில் கொக்கெயின் சொட்டு விட்டு வழி காட்டினார். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற ரண வைத்தியர் நரம்பின் அருகிலேயே அந்த மருந்தைச் செலுத்திப் பார்த்தார். தம் உடம்பிலேயே சோதித்து, பாவம், அதற்கே அடிமையானார்.

1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் நடந்தது ஒரு நாடகம். பியர் என்ற டாக்டர் முதலில் தம் முதுகைத்தான் காட்டினார். ஊசி குத்திய பிறகு பார்த்தால், மருந்துக் குழல் அதில் பொருந்தவில்லை! தண்டு நீர் ஒழுகிற்று. பிறகு உதவியாளர் ஹில்டப்ராண்ட் தம் முதுகைக் காட்டினார். மருந்து ஏறியதும் அவர் காலைச் சுருட்டால் சுட்டார் பியர், சுத்தியால் அடித்தார். வலியே இல்லை. இரவு ஒயினோடு கொண்டாட்டம். மறுநாள் பியருக்குப் பொறுக்க முடியாத தலைவலி. சிஷ்யருக்குக் காலெல்லாம் கன்றிப்போயிருந்தது.

இதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1900-இல், ஐடா ஸ்கடர் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அவர் வளர்த்த ஆஸ்பத்திரிக்கு 1946-இல் பால் பிராண்ட் வந்தார். அங்கே அவர் கண்டது மரத்துப்போதலின் மறுபக்கம். குஷ்டத்தில் நரம்பு செத்தவர்களின் விரலை இரவில் எலி கடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார் பிராண்ட். டாக்டரின் ஊசி சில மணி நேரத்துக்குச் செய்வதை, நோய் ஆயுளுக்கும் செய்துவிடுகிறது.

இடுப்பு மூட்டுக்குப் பல நரம்புகளிலிருந்து கிளைகள் வருவதால் ஒரே ஊசியில் அடங்காது. இப்போது ஒலியலைக் கருவியின் திரையில் பார்த்தே ஊசியை இறக்குகிறார்கள். ஆனால் ஊசி வந்ததும் கிழவிகளெல்லாம் பிழைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1,600 பேரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2021-இல் வெளிவந்தது. முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் முடிவில் பெரிய வித்தியாசமில்லை என்றது.

2018-இல் கனடாவின் டொராண்டோ டாக்டர்கள் ஒரு புது வழியை எழுதினார்கள்: மூட்டுக்குப் போகும் சிறு கிளைகள் மட்டும் மரக்கும், தொடைக்கு வலு இருக்கும். வலி தணிந்த கிழவி, மறுநாளே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.