மரத்துக்குச் சாயம் ஏற்றினால் அது பொய்யாகிவிடுமா?

மேப்பிள் மரத்தில் கடைந்த ஒரு பூச்சாடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு முழ உயரம். வயிறு உருண்டை, கழுத்து குறுகல். அடிமுதல் வாய்வரை ஆழ்ந்த நீலம். அந்த நீலத்துக்குள்ளே புலி முதுகு மாதிரி கருப்பு வரிகள். ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பினால் வரிகளும் கூடவே நகர்வது போல ஒரு மினுமினுப்பு.

மேற்கு நாடுகளில் கடைசல் வேலை செய்பவர்கள் நாலு பேர் நடுவில் இந்த ஜாடியை வைத்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "நல்ல மரத்தைப் போய் சாயத்தில் முக்கிக் கெடுத்துட்டாங்களே, மரம் மரமா இருக்கணும்" என்பது ஒரு கட்சி. "சாயம் போட்டதால்தான் அந்த வரியே கண்ணுக்குத் தெரியுது" என்பது இன்னொரு கட்சி. கேட்க ரசனைச் சண்டை மாதிரி இருக்கும். கொஞ்சம் தோண்டினால் உள்ளே ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கிறது: "மரம் மரமாக இருக்கணும்" என்ற எண்ணம் எவ்வளவு பழசு? மரச்சாயம் எவ்வளவு பழசு? கிடைத்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

வரி எங்கிருந்து வருகிறது?

முதலில் அந்த வரி என்னன்னு பார்ப்போம். கச்சேரிக்குப் போகிறவர்கள் நல்ல வயலின் ஒன்றின் முதுகுப் பக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். குறுக்கே குறுக்கே வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள் ஓடும். அது பெயிண்ட் இல்லை. அதே மேப்பிள் மரத்தின் இயல்பான அமைப்பு.

சாதாரண மரத்தில் நார்கள் தூரிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய நேராகப் போகும். சில மரங்களில் மட்டும் அவை அலை அலையாக நெளிந்து வளர்கின்றன. அப்படிப்பட்ட மரத்தை நேராக வெட்டினால், ஓர் இடத்தில் நாரின் பக்கவாட்டு மேலே தெரியும், அடுத்த இடத்தில் நார் அறுபட்டு அதன் வாய் தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டுத் திரும்பும், வாய்ப்பக்கம் வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு பட்டை பளிச், அடுத்த பட்டை இருட்டு. நம் பார்வைக் கோணம் மாறினால் இரண்டும் இடம் மாறும். மினுமினுப்பின் ரகசியம் இவ்வளவுதான்.

சாயத்தின் ரகசியமும் இதே இடத்தில்தான் இருக்கு. நாரை ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலாக நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் வாய் தெரியும் இடத்தில் சாயம் ஆழமாக இறங்கும், பக்கவாட்டு தெரியும் இடத்தில் மேலோட்டமாக நின்றுவிடும். ஆக, சாயம் மரத்தின்மேல் புதுசாக ஒரு கோலம் போடுவதில்லை. நார் எந்தத் திசையில் நெளிந்ததோ அதைத்தான் எழுதிக் காட்டுகிறது.

தச்சர் ஒதுக்கிய மரம்

இந்த வரி ஓடிய மரத்தை எல்லா தச்சர்களும் கொண்டாடியதாக நினைக்க வேண்டாம். நாற்காலிக்காலும் கருவிப்பிடியும் செய்கிறவருக்கு இது தலைவலி. நார் நேராக இருந்தால்தான் காலுக்குப் பலம். நெளிந்த நாரில் இழைப்புளி ஓட்டினால் ஒரு பக்கம் வழுவழு, அடுத்த அங்குலத்தில் நார் பிய்ந்து குழி. கடைசலிலும் அதே கதைதான், உளி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் மேற்பரப்பு கிழிந்துவிடும்.

"கடைசல்" என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மோர் கடைவதும் மரம் கடைவதும் தமிழில் ஒரே வினை. மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும் இல்லையா? பழைய கடைசல் பொறியும் அப்படியேதான் ஓடியது. எகிப்தில் துனா எல்-கெபல் என்ற இடத்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறை இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 300-ஐச் சேர்ந்தது. கடைசல் பொறியைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று அங்கே உள்ளது. ஒருவர் மரத்தில் சுற்றிய வாரை இழுக்கிறார், இன்னொருவர் உளி பிடிக்கிறார். முன்னும் பின்னும் சுழலும் பொறியில் பாதிச் சுற்றுதான் உளி வெட்டும், மீதிப் பாதி வெறும் சுற்று. இந்த வேகத்தில் அடங்காத மரத்தை அழகுக்காக யார் தேடிப் போவார்கள்?

முதல் சாயக்காரர் ஒரு பூஞ்சை

இனி சாயத்தின் கதைக்கு வருவோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இத்தாலியின் குப்பியோ நகர அரண்மனையிலிருந்து வந்த ஒரு சிறு அறை அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஃபெடரிகோ ட மோன்டஃபெல்ட்ரோ என்ற பிரபுவுக்காக 1480-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தது. சுவர் முழுக்க அலமாரி, புத்தகம், இசைக்கருவி எல்லாம் நிஜமாக இருப்பது போலத் தோன்றும். தொட்டால் தட்டைச் சுவர்தான். விதவிதமான மரத்துண்டுகளை வெட்டிப் பொருத்திச் செய்த ஓவியம்.

அந்த ஓவியத்தில் அங்கங்கே பச்சை நிறத் துண்டுகள். ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது குளோரோசிபோரியா என்ற பூஞ்சை வளர்ந்த மரம் என்று தெரிந்தது. காட்டில் விழுந்து உளுத்த கட்டைக்குள் இந்தப் பூஞ்சை பரவி மரத்தையே நீலப்பச்சையாக மாற்றிவிடும். ஐநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பச்சை இன்னும் தெரிகிறது.

இயற்கை கொடுத்த நிறத்தோடு அவர்கள் நிற்கவும் இல்லை. இதே கலையில் பேர்பெற்ற ஃப்ரா ஜொவான்னி ட வெரோனா என்ற துறவி, மரத்தைச் சாயநீரிலும் ஊடுருவும் எண்ணெயிலும் கொதிக்க வைத்து நிறம் ஏற்றியதாக 16-ஆம் நூற்றாண்டிலேயே வசாரி எழுதி வைத்திருக்கிறார். அதாவது மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்களுக்கு மரத்துக்குச் சாயம் போடுவதில் எந்தக் கூச்சமும் இல்லை.

அடுத்து 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அங்கே சிகமோர் என்ற வெள்ளை மரம் உண்டு, மேப்பிளின் உறவு. அதில் வரி ஓடிய பலகையாகப் பொறுக்கி எடுத்து, மெல்லிய தகடாக அறுத்து, இரும்பு சல்ஃபேட் கரைசலில் ஊற வைப்பார்கள். மரம் வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். ஹேர்வுட் என்று பெயர். பெரிய வீட்டு மேசைகளிலும் அலமாரிகளிலும் ஒட்டினார்கள். இதன் வேதியியல் நமக்குப் பழக்கமானதுதான். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்த இடத்தில் இரும்புக் கரைசல் பட்டதும் கருப்பாகிறதே, அதே துவர்ப்பும் இரும்பும் சேரும் வினை. சிகமோரில் துவர்ப்பு குறைவு, அதனால் கருப்பு வரை போகாமல் சாம்பலில் நின்றுவிடுகிறது.

ஆக, வரி ஓடிய மரத்துக்குச் சாயம் ஏற்றுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. குறைந்தது இருநூறு ஆண்டுக்கு மேல் பழசு.

பிறகு ஏன் பழைய மரமெல்லாம் பழுப்பாக இருக்கிறது?

ரொம்ப முக்கியமான கேள்வி இது. காரணம், சாயம் வெளுத்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டு மரச்சித்திர மேசைகளில் பூக்களுக்குச் சிவப்பு, இலைகளுக்குப் பச்சை, பின்னணிக்கு நீலம் என்று சாயம் ஏற்றியிருந்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு எல்லாம் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. பழுதுபார்க்கும்போது மரத்தகட்டைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் பழைய நிறம் சில சமயம் அப்படியே இருக்கும். வெளிச்சம் எட்டாத பக்கம் அல்லவா! ஹேர்வுட்டும் அப்படித்தான், இன்று பெரும்பாலும் பச்சை கலந்த பழுப்பாகத்தான் பார்க்கக் கிடைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வெளுத்த மேசையைப் பார்த்துப் பார்த்துப் பிற்காலத்தார் "பழைய கலைஞர்கள் மரத்தின் இயல்பான நிறத்தை எவ்வளவு மதித்தார்கள்" என்று மெச்சும் நிலைமை வந்தது. அவர்கள் மெச்சியது வெயிலின் வேலையை.

1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் கொய்னா மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து கிளம்பிய அனிலின் சாயங்கள் முதலில் பட்டுக்கு, பிறகு மரத்துக்கும் வந்தன. எந்த நிறம் வேண்டுமானாலும் ஒரு சிட்டிகைப் பொடியில் கிடைக்கும். ஆனால் வெளுக்கும் குணம் உடனே போய்விடவில்லை. 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் கிடாரை எடுத்துக்கங்க. மேலே வரி ஓடிய மேப்பிள், ஓரத்தில் செர்ரிச் சிவப்புச் சாயம். கடை ஜன்னலில் மாட்டி வைத்ததிலேயே பலவற்றின் சிவப்பு ஓடிப்போய், வெறும் தேன் மஞ்சள் மிஞ்சியது. நிறுவனம் 1960-இல் சாயத்தை மாற்றியது. வெளுத்த அந்தக் கிடார்கள் இன்று லட்சக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன என்பது தனிக்கதை.

தூய்மைவாதம் எப்போது வந்தது?

"மரம் மரமாக இருக்கணும்" என்ற கட்சியின் வேர், கடைசல் உலகத்தில் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரெஸ்டினி 1930-களிலிருந்து மெல்லிய மரக்கிண்ணங்களைக் கடைந்தார். அவை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போயின. இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களை வைத்திருந்த முகாமில் கிண்ணம் கடைய ஆரம்பித்தவர் பாப் ஸ்டாக்ஸ்டேல். வடிவம் சுத்தமாக, மரம் வெளிப்படையாக, அலங்காரம் ஏதுமில்லாமல் என்பது அவர்கள் வழி. அந்தக் கால நவீனத்துவத்தின் குரலும் அதுதான். மலிவான சாமானில் சாதா மரத்தை உயர்ந்த மரமாகக் காட்டச் சாயம் பூசிய காலத்தில், பூசாமல் விட்டது ஒரு நேர்மை. அதை நான் மதிக்கிறேன்.

பூச்சாடியின் வழியில்தான் திருப்பம் வந்தது. குறுகிய கழுத்து வழியாக உளியை விட்டு வயிற்றைக் குடைவது கிண்ணம் கடைவது போல இல்லை. உள்ளே என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த மெல்வின் லிண்ட்குவிஸ்ட் ஆழமாகத் துளையிட்டு ஜாடி கடையும் முறைகளை உருவாக்கினார். டேவிட் எல்ஸ்வொர்த் 1970-களில் வளைந்த உளிகளைக் கொண்டு மெல்லிய சுவருள்ள உள்ளீடற்ற உருவங்களைக் கடைந்தார். லிண்ட்குவிஸ்ட் தேடிப் போன மரம் எது தெரியுமா? பூஞ்சை பிடித்து, கருப்புக் கோடு ஓடிய, விறகுக்குப் போகவேண்டிய கட்டை. குப்பியோ அறையின் பச்சைக்கும் இந்தக் கருப்புக் கோட்டுக்கும் சொந்தக்காரர் ஒரே இனம்தான், பூஞ்சை.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் மெரில் செய்லன் கடைந்த மரத்துக்குத் துணிந்து வண்ணம் ஏற்றினார். கைல்ஸ் கில்சன் கார் பெயிண்ட் பாணியில் பளபளப்பு ஏற்றினார். இன்றைய நீல ஜாடியின் நேரடி முன்னோர்கள் இவர்கள்.

நீல ஜாடி எப்படி ஆகிறது?

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈர மரத்தை முதலில் தடிமனாகக் கடைந்து காயவிடுவார்கள். காய்ந்தால் கோணும், அதனால் மறுபடி கடைந்து வட்டமாக்குவார்கள். பிறகு உப்புத்தாள், சொரசொரப்பில் ஆரம்பித்து நைஸ் வரைக்கும். இங்கே அவசரப்பட்டால் ஒவ்வொரு கீறலிலும் சாயம் தேங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து ஜாடி முழுக்கக் கருப்புச் சாயம். பார்த்தால் பாழாகிவிட்டது போல இருக்கும். காய்ந்ததும் திரும்ப உப்புத்தாள். மேலோட்டமாக நின்ற கருப்பு போய்விடும், நாரின் வாய்வழி ஆழமாக இறங்கியது தங்கிவிடும். வரி எழும்பிவிட்டது! இப்போது மேலே நீலம், கடைசியில் தெளிவான பூச்சு. ஜாடி உருண்டை என்பதால் வரி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது. எதிரெதிர் இரண்டு பக்கம் அடர்த்தியாகவும் நடுவில் மங்கலாகவும் வரும். சட்டமாக அறுத்த பலகையில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது.

நம் பக்கத்துச் சன்னபட்னா பொம்மையோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். அங்கே சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும், தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். மரம் உள்ளே மறைந்துவிடும். வெட்பாலை போன்ற வெளிறிய, வரியில்லாத மரத்துக்கு அது பொருத்தமான முறை. அரக்கு மூடுகிறது, சாயம் ஊடுருவுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "நிறம் போட்டது" என்று சொல்வது சரியில்லை.

என் முடிவு இதுதான்: வரியில்லாத மரத்தில் வரி வரைந்து விற்றால் அது பொய். இருக்கிற வரியைச் சாயம் கொண்டு எழுப்பினால் அது வாசிப்பு. செய்தவர் சாயம் என்று சொல்லி விற்றால் வாங்குகிறவருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

அப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீங்க. இன்றைய சாயங்கள் பழையவற்றைவிட வெயில் தாங்கும், ஆனாலும் வெயில் தன் வேலையை விடுவதில்லை. நூறு வருஷம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு தேன் நிற ஜாடியை எடுத்து வைத்து, "தாத்தா காலத்தில் மரத்தை மரமாகவே வைத்திருந்தார்கள்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடும்.