தாளடுக்கும் அச்சுமையும்: தனித்தாள் ஆஃப்செட் அச்சில் மைத்தேர்வின் வரலாறு

முன்னுரை

அச்சு வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவையும் பொறியையும் பதிப்பாளரையும் விரிவாக ஆராய்வர். மையை ஓரிரு தொடர்களில் கடந்துவிடுவர். ஆயினும், பழைய பாடநூல்களைப் புரட்டும் ஆசிரியர்கள், ஒரு பக்கத்தின் எழுத்துகள் வேறொரு பக்கத்தில் இடவலம் மாறி மங்கலாகப் படிந்திருப்பதைக் கண்டிருக்கக்கூடும். அச்சுக்கூடத்தார் இதனை ‘செட்-ஆஃப்’ என்பர். அச்சான தாளின் ஈரமை, அதன்மேல் விழும் அடுத்த தாளின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணமாகும். தனித்தாள் ஆஃப்செட் அச்சில் மைத்தேர்வின் வரலாறு, பெரும்பகுதி, இவ்வொட்டுதலைத் தடுக்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறே என்பதை இக்கட்டுரை நிறுவ முனைகின்றது.

கல்லிலிருந்து ரப்பருக்கு

ஆஃப்செட் அச்சின் தாய், கல்லச்சு ஆகும். நாடகாசிரியரான அலோய்ஸ் செனஃபெல்டர், 1796ஆம் ஆண்டில், மெழுகு, சவர்க்காரம், புகைக்கரி ஆகியவற்றாலான மையைக் கொண்டு ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணக்கல்லில் எழுதிப் பார்த்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே, நீரும் எண்ணெய்ப்பசையும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பை அடிப்படையாகக் கொண்ட அச்சுமுறை உருவாயிற்று. இதனால் மைக்குப் புதியதொரு கட்டுப்பாடு ஏற்பட்டது. ஈய எழுத்து அச்சில் மை நீரைச் சந்திக்க வேண்டிய தேவையில்லை; கல்லச்சிலோ, நீருடன் ஓயாது உராய்ந்தும் தன் தன்மையை இழக்காத மை வேண்டப்பட்டது.

இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே 1875இல் தகரத் தகடுகளில் அச்சிட மறைமுக முறையொன்றைக் கையாண்டார். தாளுக்கு அம்முறை வந்தது ஒரு தவற்றின் வழியாகவே என்பர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஐரா ரூபெல், 1904ஆம் ஆண்டளவில், தாள் செலுத்தப்படாத ஒரு சுற்றில் உருளையின் ரப்பர் உறையில் மை படிந்ததையும், அடுத்த தாளின் பின்புறத்தில் அப்படிவம் கல்லிலிருந்து நேரே பதிந்ததைவிடத் தெளிவாக விழுந்ததையும் கண்டார். வேண்டாத இடத்தில் மை ஒட்டியதிலிருந்தே இம்முறை பிறந்தது என்பது கருதத்தக்கது.

தகட்டிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து தாளுக்கும் மாறுகையில் மை இருமுறை பகிர்ந்து குறைகின்றது. எனவே தாளைச் சேரும் படலம் மிக மெல்லியது. அம்மெல்லிய படலமே முழு நிறத்தையும் தரவேண்டுமாதலால், மையில் நிறமியின் செறிவு கூட்டப்பட்டது.

தாளடுக்கின் சிக்கல்

நெடுங்காலம் மையின் அடிப்படை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயே. அது காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து இறுகிக் காய்வது. கோபால்ட், மாங்கனீசு உப்புகள் அதனை விரைவுபடுத்தும். ஆயினும் முழுதும் காய்வதற்குப் பல மணி நேரமாகும். இன்றைய பொறிகளோ மணிக்குப் பதினையாயிரம் தாள்களுக்கும் மேல் அடுக்குகின்றன. அடுக்கின் எடை கூடக் கூட, அடியிலுள்ள ஈரமை மேல்தாளின் பின்புறத்தை நாடும்.

இதற்கு முதலில் கண்ட வழி, தாள்களுக்கிடையே மாவுத்தூள் தெளித்து நூலிழை இடைவெளி உண்டாக்குவதாகும். அடுத்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய விரைந்திறுகும் மை, சிக்கலை மையினுள்ளேயே தீர்த்தது. இதில் பிசின், காயும் எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்திருக்கும். தாளைத் தொட்டவுடன் கனிம எண்ணெய் தாளுக்குள் உறிஞ்சப்பட, பிசின் மேற்பரப்பில் இறுகி நிற்கும். முழுமையான காய்தல் பின்னர் நிகழும்.

ஆனால், உறிஞ்சும் தாளின்றி இம்மை பயன்படாது. நெகிழித்தாளிலும் உலோகப் பூச்சுத் தாளிலும் எண்ணெய் செல்ல வழியில்லாமையால், உயிர்வளியால் மட்டுமே காயும் மை தேவைப்படுகின்றது. ஈரமூட்டும் கரைசலின் அமிலத்தன்மை மிகுந்தாலும், காற்றில் ஈரப்பதம் கூடினாலும் காய்தல் தாமதமாகும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று நாடுகளின் அச்சகங்களில் இது நாள்தோறும் எதிர்கொள்ளப்படும் நடைமுறைச் சிக்கலாகும். ஆகவே, ‘சிறந்த மை’ என ஒன்றில்லை. தாளுக்கும் பொறிக்கும் தட்பவெப்பத்திற்கும் பொருந்திய மையே உண்டு.

எண்ணெய் அரசியல்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி, கனிம எண்ணெயை நம்பிய மைத்தொழிலைச் சிந்திக்க வைத்தது. அமெரிக்க நாளிதழ்த் துறை மாற்று எண்ணெய்களை ஆராய்ந்ததன் பயனாக, 1987இல் அயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸ் நகர நாளிதழ் ஒன்று சோயா எண்ணெய் மையில் அச்சிட்டுப் பார்த்தது. 1994இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம், அரசு அச்சுப்பணிகளுக்கான நாளிதழ் மையில் 40 விழுக்காடும், தனித்தாள் மையில் 20 விழுக்காடும் தாவர எண்ணெய் இருக்கவேண்டும் என வரையறுத்தது. ஆளிவிதை எண்ணெயை விட்டு விலகிய தொழில், மற்றொரு விதையின் வழியே தாவர எண்ணெய்க்குத் திரும்பியது எனலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒட்டுதல்

புற ஊதா ஒளியில் நொடிப்பொழுதில் இறுகும் மை பரவியபோது, அடுக்கின் சிக்கல் தீர்ந்தது என்றே கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டு அந்நம்பிக்கை அசைந்தது. இத்தாலியில் விற்பனையான குழந்தைப் பாலில், ஐடிஎக்ஸ் எனப்படும், மையை ஒளியில் இறுகத் தூண்டும் பொருள் காணப்பட்டது. பொதியட்டை சுருளாக இருக்கையில், அச்சிட்ட வெளிப்புறம் பாலைத் தொடும் உட்புறத்தோடு ஒட்டிக் கிடந்ததே அப்பொருள் இடம்பெயர்ந்த வழியாகக் கருதப்பட்டது. கண்டறியப்பட்ட அளவு உடல்நலக் கவலைக்குரியதன்று, எனினும் அது உணவில் இருப்பது விரும்பத்தக்கதன்று என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருத்துரைத்தது. சுருளில் நிகழ்ந்த இது தாளடுக்கிலும் நிகழக்கூடியதே. இதன்பின் உணவுப் பொதிகளுக்கு, இடம்பெயர்வு குறைந்த மைகளைத் தேர்வது முதன்மை பெற்றது.

முடிவுரை

தாளடுக்கில் ஒரு தாள் மற்றொன்றைத் தொடும் அந்த இடமே ஆஃப்செட் மையின் வரலாற்றை நடத்தி வந்துள்ளது. முன்பு அச்சடிப்பவரின் கவலை, நூலின் பக்கம் கறைபடக்கூடாது என்பது; இன்றோ, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உணவுண்போரைச் சேரக்கூடாது என்பதும் அதனோடு சேர்ந்துள்ளது. எனவே பழைய நூல்களை ஆவணப்படுத்துவோர், பதிப்பாண்டோடு பக்கங்களில் உள்ள மைப்படிவுகளையும் குறித்து வைத்தல் நலம். அவசரமாக அச்சிடப்பட்டதையோ, தாளுக்குப் பொருந்தாத மை வாங்கப்பட்டதையோ உணர்த்தும் சான்றுகளாக அவை அமையக்கூடும்.